ராக்கி மவுண்டன் பூங்காவில் கூடாரம்: ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

ஃபிரிஸ்கோ செந்தில்:

வணக்கம் மக்களே. கொலராடோவில் உள்ள ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில், கிளேசியர் பேசின் முகாமில், வரும் ஆகஸ்ட் 10, 11, 12 மூன்று இரவுக்கும் இடம் பிடித்து வைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்னால் முன்பதிவு திறந்த அன்று காலையிலேயே கணினி முன்னால் உட்கார்ந்து பிடித்தது, அதனால் விட மனசில்லை. அப்போது நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் (மகளுக்கு ஒன்பது, மகனுக்கு ஐந்து) என்றுதான் கணக்கு. இப்போது அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார்கள். "நாலு நாள் எங்களை இந்த வீட்டுக்குள்ள பூட்டிட்டுப் போகப் போறியா?" என்று அப்பா கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி.

அப்பாவுக்கு 67 வயது. பிபி மாத்திரை சாப்பிடுகிறார், மற்றபடி தினமும் நடப்பவர். அம்மாவுக்கு மூட்டு வலி, தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை கொடுக்க வேண்டும். இருவரும் இதுவரை கூடாரத்தில் தூங்கியதில்லை. "ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பார்த்த ஆள்தான்டா நான்" என்கிறார் அப்பா.

என் கேள்விகள்:

கரடி தொல்லை எப்படி? பிள்ளைகள் இருக்கிறார்கள், அதுதான் முதல் பயம். இரவுக் குளிர் எவ்வளவு இருக்கும்? அம்மா சோறு இல்லாமல் ஒரு வேளை கூடத் தாங்க மாட்டார், அடுப்பு வைத்துச் சமைக்க முடியுமா, இல்லை மூன்று நாளும் ரொட்டிதானா? டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவிலிருந்து காரில்தான் போகிறோம், ஒரே மூச்சில் ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். மலை மேல் ஏறிப் போகும் டிரெயில் ரிட்ஜ் ரோட்டை முதல் நாளே பார்த்துவிடலாமா?

போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.


நாமக்கல்லான்:

நண்பரே, வயசானவர்களைத் தரையில் படுக்க வைத்துத்தான் அமெரிக்காவைக் காட்ட வேண்டுமா? பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் எஸ்டஸ் பார்க் ஊரில் ஒரு நல்ல விடுதியைப் போடுங்கள். பகலில் பூங்கா, இரவில் கட்டில். முகாமை ரத்து செய்துவிடுங்கள்.

இன்னொன்று, பலருக்கு இது தெரியவில்லை. இந்த 2026 ஜனவரி முதல், வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு 11 தேசியப் பூங்காக்களில் வழக்கமான நுழைவுக் கட்டணத்தோடு ஆளுக்கு 100 டாலர் கூடுதல். 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. ராக்கி மவுண்டனும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இது பொருந்தும். வாசலில் போய் முழிக்காதீர்கள்.


கொலராடோ கமலா:

செந்தில் தம்பி, தாராளமாக அழைத்துக்கொண்டு போங்கள். ஆனால் உங்கள் கேள்விகளில் ஒன்று குறைகிறது. கரடி கேட்டீர்கள், குளிர் கேட்டீர்கள், சோறு கேட்டீர்கள். உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் இருப்பது லவ்லண்டில், பூங்கா வாசலுக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வருகிற சொந்தக்காரர்கள், நண்பர்கள் எல்லாரையும் அங்கேதான் கூட்டிக்கொண்டு போவேன். கரடியால் பயணம் கெட்டுப்போனவர் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. முதல் நாள் இரவுத் தலைவலியால் கெட்டது நிறைய.

அப்பாவிடம் கணக்குச் சொல்லுங்கள். ஊட்டி சுமார் 7,350 அடி. தொட்டபெட்டா உச்சி 8,650 அடி. கிளேசியர் பேசின் முகாம் சுமார் 8,500 அடி. அதாவது அவர் ஊட்டியில் டீ குடித்துவிட்டு ஜீப்பில் போய்ப் பார்த்து இறங்கினாரே, கிட்டத்தட்ட அந்த உச்சியில் நீங்கள் அவருக்குப் பாய் விரிக்கப் போகிறீர்கள். டிரெயில் ரிட்ஜ் ரோட்டின் உச்சி 12,183 அடி. அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கைவிடக் குறைவு. நீங்கள் இருக்கிற டாலஸ் பக்கமோ ஆயிரம் அடி கூடக் கிடையாது. ஒரே மூச்சில் ஓட்டிக்கொண்டு வந்து அன்று இரவே முகாமில் படுத்தால் உடம்புக்கு யார் செய்தி சொல்வது?

அதனால் ஒரே மூச்சு வேண்டாம். அமரில்லோ, ரட்டோன் வழியாகத்தானே வருவீர்கள்? கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒரு இரவு தங்குங்கள். அது 6,035 அடி. மறுநாள் மெதுவாக எஸ்டஸ் பார்க், அது 7,522 அடி. இப்படிப் படிப்படியாக ஏறினால் பாதிப் பிரச்சினை வராது. வந்தாலும் எப்படி வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள்: தலைவலி, வயிற்றைப் புரட்டுவது, பசி இல்லாமை, தூக்கம் வராமை. "பயணக் களைப்பு, காபி குடித்தால் சரியாகிவிடும்" என்று நம் பெரியவர்கள் மறைப்பார்கள். மறைக்க விடாதீர்கள். என் மாமியார் முதல் தடவை வந்தபோது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு "பசியில்லை" என்றார். எந்த ஊரிலும் எந்த வேளையிலும் அந்த வார்த்தையைச் சொல்லாதவர். இரவு இரண்டு மணிக்கு வாந்தி. என் கணவர் அப்போதே காரில் ஏற்றி எங்கள் வீட்டுக்கு இறக்கிக்கொண்டு போனார். லவ்லண்ட் ஐயாயிரம் அடிதான். காலையில் எழுந்து தோசைக்கு மாவு இருக்கிறதா என்று கேட்டார். இறக்குவதுதான் மருந்து. தொந்தரவு கூடிக்கொண்டே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ காலை வரை காத்திருக்கவே கூடாது.

அப்பாவின் பிபி மாத்திரை விஷயம் அவருடைய மருத்துவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்க வேண்டியது. உயரத்துக்கு என்று மாத்திரை இருக்கிறது, ஆனால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, வேறு மாத்திரையோடு சேர்த்துப் போடுவதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் போட வேண்டாம்.

டிரெயில் ரிட்ஜ் ரோட்டை முதல் நாள் தொடாதீர்கள், மூன்றாம் நாளுக்கு வையுங்கள். பகலில் மேலே போய் இரவு கீழே வந்து தூங்குவது உடம்புக்கு நல்லது. ஆனால் காலையிலேயே போங்கள். ஏழு மணிக்குள் கிளம்பினால் ஒன்பது, ஒன்பதரைக்கு மேலே ஆல்பைன் விசிட்டர் சென்டர் பக்கம் இருப்பீர்கள். மதியத்துக்கு முன்னால் இறங்கத் தொடங்கிவிட வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் மதியம் ஆனால் எங்கிருந்தோ கருமேகம் வந்து இடி இடிக்கும். மேலே மரமே கிடையாது, புல்லும் பாறையும்தான். அந்த வெட்டவெளியில் உயரமாக நிற்பது நீங்கள் ஒருவர்தான். 2014 ஜூலையில் அடுத்தடுத்து இரண்டு நாள், 11ஆம் தேதி ஒருவர், 12ஆம் தேதி ஒருவர், மின்னல் தாக்கி அந்த ரோட்டு ஓரத்திலேயே இறந்துபோனார்கள். இரண்டாவது ஆள் மலையேறப் போனவர் கூட இல்லை. ரெயின்போ கர்வ் என்று கார் நிறுத்தி வேடிக்கை பார்க்கும் இடம், அதன் அருகில். இடிச் சத்தம் கேட்டால் போட்டோவாவது ஒன்றாவது, எல்லாரும் காருக்குள். முகாமிலும் அப்படித்தான். கூடாரம் மழைக்குத்தான் கூரை, மின்னலுக்கு இல்லை.

இந்த ரோடு எஸ்டஸ் பார்க்கிலிருந்து மேற்கே கிராண்ட் லேக் வரை 48 மைல். நடுவில் பெட்ரோல் பங்க் எதுவும் இல்லை, நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் கீழ் கியரில் வாருங்கள்.

சோற்றுக்கு வருவோம். இதுவும் உயரத்தின் வேலைதான். 8,500 அடியில் தண்ணீர் 91, 92 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். பார்த்தால் தளதளவென்று கொதிக்கும், ஆனால் அதில் சூடு பற்றாது. திறந்த பாத்திரத்தில் பொன்னி அரிசியைப் போட்டால் மேலே குழைந்து நடுவில் அரிசியாகவே நிற்கும். துவரம்பருப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சாயங்காலம் ஏற்றினால் கடைசி வரை பருப்பு தனி, தண்ணீர் தனி. குக்கர் எடுத்துக்கொண்டு போங்கள். சிரிக்காதீர்கள். வீட்டில் மூன்று விசில் என்றால் இங்கே ஐந்து வையுங்கள். துவரம்பருப்பை விட்டுவிட்டுப் பாசிப்பருப்பு கொண்டு போங்கள், சீக்கிரம் வேகும். இரண்டு பர்னர் கோல்மன் அடுப்பும் பச்சை புரொப்பேன் சிலிண்டரும் போதும். அடுப்பை ஆட்டம் இல்லாமல் சமமாக வைக்க வேண்டும், காற்று வரும் பக்கத்துத் தடுப்புகளைத் தூக்கி நிறுத்துங்கள். விசில் அடிக்கும்போது பக்கத்துக் கூடாரத்துக்காரர் தலையை நீட்டிப் பார்ப்பார். ஒரு கரண்டி பொங்கல் கொடுத்தால் நண்பராகிவிடுவார்.

புளிக்காய்ச்சல், இட்லிப்பொடி, தயிர், ஊறுகாய் இருந்தால் ஒரு வேளைச் சமையலில் இரண்டு வேளை ஓட்டிவிடலாம். மூடி திறக்காத ஊறுகாய் பாட்டிலை மேலே வந்து திறக்கும்போது மெதுவாகத் திறங்கள். உள்ளே இருப்பது டாலஸ் காற்று, எண்ணெய் வெளியே தெறிக்கும். எவ்வளவு குளிராக இருந்தாலும் அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டு போகாதீர்கள். தீப்பிடிப்பது ஒரு பக்கம், வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு இன்னொரு பக்கம்.

குளிர்: ஆகஸ்டில் பகலில் அரைக்கைச் சட்டை, இரவில் 40களின் தொடக்கத்துக்கு இறங்கும் (ஃபாரன்ஹீட்). பெரியவர்களுக்குக் குளிர் மேலிருந்து வருவதில்லை, அடியிலிருந்து ஏறும். எவ்வளவு போர்த்தினாலும் கீழே தடிமனாக எதுவும் இல்லை என்றால் தூக்கம் போச்சு. அம்மாவுக்கு மடக்குக் கட்டில் வாங்குங்கள், மூட்டுக்கு அதுதான் சரி, உட்கார்ந்து எழுந்திருக்கலாம். ஆனால் கட்டிலுக்கு அடியிலும் காற்று ஓடும், அதன் மேல் ஒரு ஃபோம் பாய் போட வேண்டும். கம்பளிக் குல்லா, கால் உறை இரண்டும் இரவில் கழற்றக் கூடாது. பருத்திப் பனியன் வியர்த்தோ நனைந்தோ ஈரமானால் காயாது, உடம்போடு ஒட்டிக்கொண்டு நடுக்கும். அதை மாற்றிவிட்டுத்தான் படுக்க வேண்டும். கழிவறை தண்ணீர் வசதியோடு சுத்தமாக இருக்கும், ஆனால் கூடாரத்திலிருந்து நடக்க வேண்டும். நெற்றி விளக்கு ஆளுக்கு ஒன்று. குளியலறை கிடையாது. பூங்காவின் எந்த முகாமிலும் கிடையாது.

நிழலும் எதிர்பார்க்காதீர்கள். பைன் வண்டு அரித்துச் செத்த மரங்களை வெட்டிவிட்டார்கள், முகாமின் பல பகுதி மொட்டையாக இருக்கும். பகலில் வெயில் கண்ணைக் கூசும், இரவில் வானம் பார்க்க அதே மொட்டை நல்லது.

அம்மா நடக்க ஸ்ப்ரேக் லேக். ஏரியைச் சுற்றி முக்கால் மைல் சொச்சம், சமதளம், சக்கர நாற்காலியே போகும், உட்கார பெஞ்சு இருக்கிறது. முகாமுக்குப் பக்கம்தான். முகாமுக்கு எதிரிலேயே இலவச ஷட்டில் பஸ் நிற்கும். அதில் ஏறினால் பியர் லேக். அங்கே காரில் போய் இடம் தேடுபவர்களைப் பார்த்துக்கொண்டே இறங்கலாம். அம்மா அப்பாவை அந்த ஏரிக்கரையில் உட்கார வைத்துவிட்டு நீங்களும் பிள்ளைகளும் நிம்ஃப், டிரீம், எமரால்டு என்று மூன்று ஏரியையும் பார்த்து வரலாம், போய்வர சுமார் மூன்றரை மைல். ஐந்து வயதுக்காரன் டிரீம் லேக் தாண்டித் தோளில் ஏறுவான், அதற்குத் தயாராக இருங்கள்.

கரடி? இங்கே இருப்பது கருங்கரடி மட்டும், கிரிஸ்லி என்கிற பெரிய பழுப்புக் கரடி கிடையாது. அதற்கு உங்கள் பிள்ளைகள் வேண்டாம், உங்கள் புளியோதரைதான் வேண்டும். வாசனை உள்ள எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. நம் வீட்டு வாசனைப் பட்டியல் பூங்காக்காரர்களுக்குத் தெரியாது, நான் சொல்கிறேன்: பெருங்காய டப்பா, அம்மாவின் அமிர்தாஞ்சன், தேங்காய் எண்ணெய், அப்பாவின் வெற்றிலை பாக்கு, பிள்ளைகளின் பற்பசை, தலையணைக்கு அடியில் யாரோ ஒளித்து வைத்த முறுக்கு. எல்லாம் காருக்குள் அல்லது முகாமில் சாப்பாடு வைக்க இருக்கும் இரும்புப் பெட்டிக்குள்.

நான் பயப்படுவது மூஸ் என்கிற பெரிய காட்டு மானுக்கு. பெரிய எருமை மாதிரி சாதுவாக நிற்கும், குட்டியோடு இருந்தால் நொடியில் பாயும். மூஸிடமிருந்தும் கரடியிடமிருந்தும் 120 அடி, எல்க் மானிடமிருந்து 75 அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அப்பா செல்ஃபி எடுக்கிற ஆளா?


பே ஏரியா பாஸ்கர்:

அக்கா நன்றாகச் சொல்லிவிட்டார். ஒன்றே ஒன்று, காரில் சாப்பாடு வைக்கச் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாங்கள் கலிஃபோர்னியாவில் உள்ள யோசெமிட்டி பூங்காவுக்கு அடிக்கடி போகிறவர்கள். அங்கே இருட்டிய பிறகு காரில் ஒரு பிஸ்கட் பாக்கெட் கூட இருக்கக் கூடாது, இரும்புப் பெட்டிதான். கரடி கார்க் கதவை மேலிருந்து பிடித்து மடக்கித் திறக்கும். டிரங்கில் வைத்தாலும் பின்சீட்டைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போகும். பிள்ளைகளின் கார் சீட்டில் சிந்திய நொறுக்குத்தீனிகூடப் போதும்.


கொலராடோ கமலா:

பாஸ்கர், நீங்கள் சொல்வது யோசெமிட்டி விதி, அங்கே அது சரி. ஒவ்வொரு பூங்காவுக்கும் விதி வேறு. ராக்கி மவுண்டனில் கண்ணாடியை ஏற்றி, பூட்டி, டிரங்கில் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கலாம். இங்கேயும் காரைத் திறந்த கரடிகள் உண்டுதான், அதனால் இரும்புப் பெட்டி பக்கத்தில் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் நானும் சொல்வேன். முகாமை விட்டு உள்காட்டுக்குள் நடந்து போய்த் தங்குபவர்களுக்கு வேறு கணக்கு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, மரம் வளரும் உயரத்து எல்லைக்குக் கீழே தங்கினால், கரடி திறக்க முடியாத கெட்டிப் பெட்டி கட்டாயம். செந்திலுக்கு இந்தத் தடவை அது வேண்டியதில்லை.

கார் சீட்டு விஷயம் மட்டும் முழுக்க உண்மை. கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை வேக்குவம் போட்டுவிடுங்கள்.

நாமக்கல்லான் சொன்ன கட்டணம் சரி. அவர் சொன்ன விடுதி யோசனையைப் பாதி எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் இரவு மட்டும் பெரியவர்கள் எஸ்டஸ் பார்க்கில். ஆயிரம் அடி குறைவு.


ஃபிரிஸ்கோ செந்தில்:

கமலா அக்கா, இவ்வளவு எழுதினதுக்கு ரொம்ப நன்றி. தொட்டபெட்டா கணக்கை அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "சரி, கொலராடோ ஸ்பிரிங்ஸில் தங்கிட்டே போவோம்" என்றார். மருத்துவரிடமும் பேசியாயிற்று, பிபி கட்டுக்குள் இருக்கிறது, மெதுவாக ஏறுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது புதுச் சிக்கல். அம்மா நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்து, ஆகஸ்ட் 12 ஆடி அமாவாசை என்று கண்டுபிடித்துவிட்டார். அப்பா தர்ப்பணத்தை விட மாட்டார். ஊரில் தாமிரபரணியில் முங்கிக் குளித்து, கரையிலேயே செய்து பழக்கம். "ஏரிக்கரையில்தானே தங்கப் போறோம், ஆறும் இருக்கு, அதைவிட நல்ல இடம் ஏது?" என்கிறார். எள், தர்ப்பை எல்லாம் பெட்டியில் இருக்கிறது. அன்றைக்குச் சமையல் முடித்து காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். பூங்காவில் இதெல்லாம் செய்யலாமா? யாராவது ரேஞ்சர் வந்து அபராதம் போட்டால் அப்பா மனசு கஷ்டப்படும். அதைவிட, செய்ய முடியாமல் போனால் இன்னும் கஷ்டப்படுவார்.


நாமக்கல்லான்:

நான் முதலிலேயே சொன்னேன், விடுதி என்று.


கொலராடோ கமலா:

சொன்னீர்கள் சார், ஒத்துக்கொள்கிறேன், போதுமா?

செந்தில், இது சிக்கலே இல்லை. பார்க்கப்போனால் உங்கள் திட்டம் இப்போதுதான் ஒழுங்குக்கு வருகிறது.

முதலில் கூடாதவை. ஏரியில் இறங்கிக் குளிப்பதை அப்பா மறந்துவிட வேண்டும். பியர் லேக்கில் இறங்கவே தடை. ஆற்றில் தடை இருக்கிறதோ இல்லையோ, அது பனி உருகிய தண்ணீர், பார்த்தால் முழங்கால் அளவு, இழுக்கிற வேகம் வேறு. தாமிரபரணியில் முங்கினவர் என்பதால் இங்கே தைரியம் வேண்டாம். எள், அரிசி, பூ எதையும் பூங்காத் தண்ணீரில் விடக் கூடாது. புல், இலை எதையும் பறிக்கக் கூடாது, தர்ப்பை கையில் இருப்பது நல்லதாயிற்று. முகாமில் குழாயடியில் குளிக்கவும் கூடாது. அந்தத் தண்ணீரை விடியற்காலையில் ஒரு சொம்பு தலையில் ஊற்றிப் பார்த்தால் அவரே வேண்டாம் என்பார்.

காக்கைச் சோறு பூங்காவுக்குள் கண்டிப்பாகக் கூடாது. எந்தப் பறவைக்கும் பிராணிக்கும் உணவு கொடுப்பது குற்றம், ஒரு கைப்பிடியானாலும். முகாமில் ஸ்டெல்லர்ஸ் ஜே என்று கருநீலப் பறவை ஒன்று கொண்டையை விரித்துக்கொண்டு மேசைக்கே வரும். நாம் வைக்கவில்லை என்றாலும் தட்டில் இருந்து எடுக்கும். தட்டை மூடி வைக்க வேண்டியது நம் வேலை. எஸ்டஸ் பார்க்கிலும் வெளியே சோறு வைக்காதீர்கள், ஊருக்குள்ளேயே கரடி வரும்.

இனி திட்டம். 10, 11 இரண்டு இரவும் அப்பா அம்மாவுக்கு எஸ்டஸ் பார்க்கில் சமையலறை உள்ள கேபின் பாருங்கள். ஃபால் ரிவர் ஓரமாக வரிசையாக இருக்கின்றன. கோடையில் சீக்கிரம் நிரம்பிவிடும், இன்றைக்கே தேடுங்கள். நீங்களும் பிள்ளைகளும் முகாமில். உங்கள் மனைவி எங்கே என்பதை அவரே முடிவு செய்யட்டும். 12ஆம் தேதி காலையில் அப்பா வெந்நீரில் தலைக்குக் குளித்துவிட்டு, கேபினுக்குப் பின்னால் ஆற்றைப் பார்த்தபடி தாம்பாளத்தில் செய்யட்டும். ஆறு கண்ணெதிரே ஓடும், சத்தம் கேட்கும். தாம்பாளத்துத் தண்ணீரை ஆற்றில் விடாமல் கேபின் பக்கத்து மண்ணில் மரத்தடியில் ஊற்றினால் போதும். இங்கே வீட்டில் செய்பவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். இந்த ஊர் நேரப்படி அன்று காலை பதினொன்றரையைத் தாண்டியதும் அமாவாசை முடிந்துவிடும், அதனால் விடிந்ததும் செய்துவிடச் சொல்லுங்கள். முகூர்த்தம் பற்றி அவருக்குச் சந்தேகம் இருந்தால் ஊரில் அவருடைய சாஸ்திரிகளிடம் கேட்கலாம், இங்கே நேரம் பன்னிரண்டரை... இல்லை, கோடையில் பதினொன்றரை மணி நேரம் பின்தங்கியது என்பதைச் சொல்லிக் கேளுங்கள்.

காக்கைக்குப் பதிலாக என்ன செய்வது என்று அவர் கேட்பார். அன்றைக்கு எங்கள் வீட்டில் என் கணவரும் தர்ப்பணம் செய்கிறார். பின்பக்க மதில் மேல் உங்கள் அப்பா பெயரைச் சொல்லி ஒரு கைப்பிடி சேர்த்து வைக்கிறேன். லவ்லண்டில் காக்கைக்குப் பஞ்சமில்லை, வைத்ததும் வந்துவிடும்.

சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, மழை ஓய்ந்ததும் சாயங்காலம் அவர்களை முகாமுக்கு அழைத்து வாருங்கள். அதற்குள் அந்த உயரத்தின் பக்கத்தில் இரண்டு இரவு தூங்கியிருப்பார்கள். ஒரே ஒரு இரவுதான் கூடாரம். நான் சும்மா அந்த இரவைச் சொல்லவில்லை. ஆகஸ்ட் 12 இரவு விடிந்தால் 13, பெர்சீட் எரிகற்கள் அதிகமாக விழும் நேரம். பல வருஷம் நிலா வந்து கெடுக்கும். இந்த வருஷம் அமாவாசை, நிலாவே கிடையாது. நள்ளிரவுக்கு மேல் வடகிழக்கு வானத்தில் ஏறும். மடக்குக் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டு, தூங்கும் பையோடு படுத்துப் பார்க்கலாம். மரம் இல்லை என்று குறை சொன்னேனே, அன்றைக்கு அது வசதி. விளக்கில் சிவப்பு வெளிச்சம் வையுங்கள், வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி பழக நேரம் ஆகும். இரவு பத்து மணிக்கு மேல் முகாமில் சத்தம் கூடாது, பிள்ளைகளிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள். நம் ஆட்கள் சிலர் அங்கே புளூடூத் ஸ்பீக்கர் வைத்து இளையராஜா போடுவதைக் கேட்டிருக்கிறேன். நல்ல பாட்டுதான், ஆனால் பக்கத்துக் கூடாரத்துக்காரர் அதற்காக வரவில்லை.

12ஆம் தேதி காலை தர்ப்பணத்துக்குப் போய்விடுவதால், டிரெயில் ரிட்ஜ் ரோடு 11ஆம் தேதிக்கு வந்துவிடும், அதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 13 காலையில் கூடாரத்தைக் கழற்றிவிட்டு நேராக மேலே போய், கிராண்ட் லேக் பக்கம் இறங்கி, அப்படியே டென்வர் வழியாக ஊருக்குத் திரும்புங்கள். மூன்று இரவு பழகின உடம்பு, காலை நேரம், திரும்பி வர வேண்டிய வேலையும் இல்லை.


ஃபிரிஸ்கோ செந்தில்:

அக்கா, கேபின் கிடைத்துவிட்டது. ஃபால் ரிவர் ஓரம்தான், சின்னது, ஆனால் சமையலறை இருக்கிறது. மனைவி கேபின் பக்கம் சேர்ந்துவிட்டார். காக்கை விஷயத்தை அப்பாவிடம் சொன்னேன். உங்கள் கணவருக்கு எந்த ஊர் என்று கேட்கிறார்.

கடைசியாக ஒன்று. வீட்டில் மூன்று லிட்டர் குக்கரும் ஐந்து லிட்டரும் இருக்கின்றன. எதை எடுத்துக்கொண்டு வர?


கொலராடோ கமலா:

ஐந்து லிட்டர். கேஸ்கெட் கூடுதலாக ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், எஸ்டஸ் பார்க் கடைகளில் அது கிடைக்காது. அவருக்குக் கோவில்பட்டி.